யானைமலையில் ஏறியவர்கள் இறங்கத் தடுமாறுவது ஏன்?

மதுரையிலிருந்து மேலூர் சாலையில் போகிறவர்களுக்கு யானைமலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பஸ் ஒத்தக்கடையை நெருங்கும்போதே படுத்திருக்கும் யானை கண்ணில் பட்டுவிடும். கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். மாணவர்களை அங்கே பலமுறை கூட்டிப் போயிருக்கிறேன். பாடம் பாறையைப் பற்றியது. எனக்கோ வயிற்றில் புளியைக் கரைப்பது, அவர்கள் இறங்கும் நேரம்.

ஊரார் கிரானைட் என்கிறார்கள். நாங்கள் கிரானைட் நைஸ் என்போம். பெயரைக் கேட்டு வழவழப்பானது என்று நினைத்துவிட வேண்டாம், நன்றாகவே சொரசொரக்கும். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, வரிவரியாக உருமாறிய பாறை இது. மதுரை வட்டாரப் பாறைகள் அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மேலே கிடந்த சுமையெல்லாம் அரித்துப் போனதும், அழுத்தம் தளர்ந்த பாறை வெங்காயத் தோல் போல ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கியது. இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது. சுத்தியலால் தட்டிக் காட்டுவேன்: திடமான இடம் கணீரென்று ஒலிக்கும்; பிரிந்த ஏடு, விரிசல் விட்ட பானையைப் போல டொக்கென்று ஒலிக்கும். அந்த ஏட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

இப்படி உரிந்து உரிந்து வந்ததால்தான் மலைக்கு இந்த உருண்டை முதுகு. உச்சியில் சரிவு மெல்லியது, கீழே வர வரச் செங்குத்து. ஏறுகிறவனுக்கு இது சாதகம்; கடினமான பகுதி முதலில் முடிந்துவிடும். இறங்குகிறவனுக்கு அப்படியே தலைகீழ். மேலே நின்று பார்த்தால் சரிவு பத்து இருபது அடிக்கு இதமாகத் தெரியும், அதற்கப்பால் மறைந்துபோகும். அடுத்துக் கண்ணில் படுவது அடிவாரத்து மரங்கள்தான். நடுவில் இருக்கும் செங்குத்தை மலை தன் வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருக்கும்.

இதை நன்றாக அறிந்தவர்கள் இங்கே வாழ்ந்த சமணத் துறவிகள். மேலே அவர்களுடைய கற்படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. ஆனைமாமலைச் சமணர்களைச் சம்பந்தர் தேவாரத்தில் கடிந்து பாடுகிறார் என்றால், ஏழாம் நூற்றாண்டிலும் அவர்கள் செல்வாக்கோடு இருந்திருக்க வேண்டும். அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டிய அமைச்சர் மாறன் காரி தொடங்கி, முடிக்கும் முன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பிக் குடமுழுக்குச் செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. உணவுக்காக ஊருக்குள் இறங்கியாக வேண்டிய துறவிகள், இறங்க முடியாத இடத்திலா படுக்கை வெட்டியிருப்பார்கள்? பழைய தடத்தை விட்டு விலகாதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்று, பாறையில் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடுகள். மழைநீர் வழிந்த தடத்தில் படியும் நுண்ணிய பாசி அது. காய்ந்திருக்கும்போது காலுக்குப் பிடிப்பாகவே இருக்கும். பாட்டில் மூடியளவு தண்ணீரை அதில் ஊற்றி, விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்வேன். சோப்புக் கட்டிதான்! தூறல் விழுந்தால் அந்தக் கோடுகளில் கால் வைக்கவே கூடாது. வெயில் காலத்தில் ஒன்பது மணிக்குள் அடிவாரம் வந்துவிடுங்கள். மலைத்தேன் கூடு தொங்கும் பாறைப் பக்கம் சத்தமும் புகையும் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாணவர்கள், சாலை பக்கத்தில்தானே தெரிகிறது என்று தடத்தை விட்டு நேராக இறங்கினார்கள். பாதி வழியில் செங்குத்து தொடங்கியது. பயம் வந்தால் உடம்பு தானாக மலைப் பக்கம் சாயும். சாய்ந்தால் பாதத்தில் அழுத்தம் குறைந்து பிடிமானம் போய்விடும். ஒருவன் வழுக்கிப் போய் ஒரு சின்னப் பள்ளத்தில் சிக்கி நின்றான். மற்றவன் அவனுக்கு மேலே உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே. 108க்கு அழைத்தோம். அதற்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கிணற்றுக் கயிற்றோடு வந்துவிட்டார். கீழிருந்து ஏறிப் பிடிக்காமல், பழைய தடத்தில் உச்சிவரை போய், மேலிருந்து கயிற்றை விட்டார். இரண்டு பேரையும் மறுபடி உச்சிக்கே ஏற்றி, வந்த வழியாகவே கீழே கூட்டி வந்தார். அவர் காலில் செருப்புகூட இல்லை.