வேலையிடத்தில் மத நம்பிக்கை: எதைக் கேட்கலாம், எதை மறுக்கலாம்

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று வேலை செய்வதில்லை. தாடியை எடுக்க முடியாது. கழுத்தில் சிலுவை இருக்கும். வேலையிடத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால், மேனேஜர் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: "மதத்தையெல்லாம் வீட்டோடு வெச்சுக்கோங்க." சட்டம் அப்படிச் சொல்லவில்லை. "என் மதம், என் உரிமை, நீங்கள் கேட்டே ஆகவேண்டும்" என்று ஊழியர் மேசையைத் தட்டினால் அதையும் சட்டம் ஏற்பதில்லை. நடுவில் ஒரு விதி இருக்கிறது. நாட்டுக்கு நாடு பெயரும் பலமும் மாறும். அடிப்படைக் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

ஐக்கிய நாடுகள் சபையின் 1966-ஆம் ஆண்டு குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 18-ஆவது பிரிவிலிருந்து தொடங்கலாம். அது நம்பிக்கையை இரண்டாகப் பிரிக்கிறது. மனதுக்குள் எதை நம்புவது என்பதில் யாரும் கைவைக்க முடியாது. அந்த நம்பிக்கையை உடை, வழிபாடு, விரதம் என்று வெளியே காட்டும்போது மட்டும் கட்டுப்பாடு வரலாம். அதுவும் சட்டத்தின் வழியாக, பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறருடைய உரிமை ஆகிய காரணங்களுக்காக வர வேண்டும். வேலையிடத் தகராறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான் நடக்கின்றன.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 111-ஆவது உடன்படிக்கை 1958-இல் வந்தது. வேலைக்கு எடுப்பதிலும் வேலை நிபந்தனைகளிலும் மதத்தை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அந்த வேலையின் இயல்பே ஒரு தகுதியைக் கேட்டால் அது பாகுபாடு ஆகாது என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. பாதிரியார் வேலைக்கு அந்தச் சபையைச் சேர்ந்தவர் வேண்டும் என்றால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. சபை அலுவலகத்தில் கணக்கெழுதுபவருக்கும் அதே நிபந்தனையா என்று வரும்போதுதான் வழக்கு முளைக்கிறது. இந்தியா இந்த உடன்படிக்கையை 1960-இல் ஏற்றது. அரசியலமைப்பின் 16(2) பிரிவு அரசு வேலையில் மதப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் தனியார் துறை முழுவதற்கும் பொருந்துகிற ஒரே பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் அங்கே இல்லை. இது சின்ன ஓட்டை இல்லை.

எல்லாருக்கும் ஒரே விதி, அப்புறம் என்ன பாகுபாடு?

இந்தக் கேள்வியை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கனடாவில் தெரசா ஓ'மாலி என்ற விற்பனைப் பணியாளரின் வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் முறைவைத்து வேலைக்கு வர வேண்டும் என்பது அந்தக் கடையில் எல்லாருக்கும் பொது விதி. அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தார்; வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி அஸ்தமனம் வரை அவருக்கு ஓய்வு நேரம். முழுநேர வேலை போய்ப் பகுதிநேர வேலை ஆனது. 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முதலாளிக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பொது விதி ஒருவர்மேல் மட்டும் அவருடைய மதத்தால் பாரமாக விழுந்தால், தனக்கு அளவுமீறிய சிரமம் வராதவரை மாற்று ஏற்பாடு செய்ய முதலாளி முயல வேண்டும்.

இதற்குத்தான் 'நியாயமான மாற்று ஏற்பாடு' என்று பெயர். ஷிப்ட் மாற்றிக்கொள்வது, இடைவேளையை நகர்த்துவது, சீருடையில் சின்ன விலக்கு, சொந்த விடுப்பை அந்த நாளுக்கு எடுப்பது, இவ்வளவுதான் பெரும்பாலும் தேவைப்படும். தனியாகத் தொழுகை அறை கட்டித் தரச் சொல்லி எல்லா நாட்டுச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் மதியம் காலியாகக் கிடக்கும் மீட்டிங் அறையைப் பத்து நிமிடம் தர மறுக்க, ஒரு நல்ல காரணம் வேண்டும்.

எது 'அளவுமீறிய சிரமம்'? முழு இழுபறியும் இந்த ஒரு சொல்லில்தான். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் 7-ஆவது தலைப்பு, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். மாற்று ஏற்பாட்டுக் கடமை 1972 திருத்தத்தில் தெளிவாக எழுதப்பட்டது. 1977-இல் ஒரு தீர்ப்பு அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது. அற்பச் செலவுக்கு மேல் கொஞ்சம் போனாலே முதலாளி மறுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பைப் படித்தார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பார்சல் கொடுக்க மறுத்த ஜெரால்ட் கிராஃப் என்ற தபால் ஊழியரின் வழக்கில்தான் 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏகமனதாகத் திருத்தியது. அந்தத் தொழிலின் அளவை வைத்துப் பார்க்கும்போது கணிசமான கூடுதல் செலவு ஆகும் என்று முதலாளி காட்ட வேண்டும். சக ஊழியர்களுக்கு அந்த மதம் பிடிக்கவில்லை, 'அவனுக்கு மட்டும் சலுகையா' என்று முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் சிரமக் கணக்கில் சேராது. கிராஃப் அன்றைக்கே ஜெயித்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புது அளவுகோலை வைத்து மறுபடி பாருங்கள் என்று வழக்கு கீழே அனுப்பப்பட்டது.

ஒரே சிலுவை, இரண்டு தீர்ப்பு

2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனைச் சேர்ந்த நான்கு பேரின் வழக்குகளை ஒன்றாகப் பார்த்துத் தீர்ப்பு சொன்னது. அதில் இரண்டு பெண்களின் வழக்கு சிலுவையைப் பற்றியது. நாடியா எவெய்டா, விமான நிறுவனத்தின் செக்-இன் பணியாளர். சட்டைக்கு வெளியே சின்னச் சிலுவை தெரியும்படி அணிந்தார், வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதே நிறுவனம் டர்பனையும் ஹிஜாபையும் ஏற்கெனவே அனுமதித்திருந்தது. பிறகு விதியை மாற்றிச் சிலுவையையும் அனுமதித்தது. அப்படியானால் அந்தச் சிலுவையால் நிறுவனத்தின் தோற்றம் எங்கே கெட்டது? எவெய்டா ஜெயித்தார்.

ஷெர்லி சாப்ளின் முதியோர் வார்டில் செவிலியர். அவருக்கும் சிலுவைதான், சங்கிலியில். நோயாளி யாராவது பிடித்து இழுக்கலாம், குனியும்போது திறந்த புண்ணில் படலாம் என்று மருத்துவமனை சொன்னது. சட்டையில் ப்ரோச் மாதிரிக் குத்திக்கொள்ளலாம், உயர்ந்த கழுத்துள்ள உடைக்குள் மறைத்துப் போடலாம் என்று வழியும் காட்டியது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கில் தோற்றார். மறுக்கும்போதே மாற்றையும் நீட்டியதுதான் மருத்துவமனைக்குக் கைகொடுத்தது என்பது என் வாசிப்பு.

வாடிக்கையாளர் முகம் சுளித்தால்? 2017-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் ஒரு பெண் பொறியாளரின் வழக்கு வந்தது. அடுத்த முறை முக்காடு இல்லாமல் வரட்டும் என்று வாடிக்கையாளர் நிறுவனம் கேட்டது, அவர் மறுத்தார், வேலை போனது. வாடிக்கையாளரின் விருப்பத்தை வேலையின் இயல்பான தேவை என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். அதே நாளில் இன்னொரு வழக்கில், மதம், அரசியல், தத்துவம் என்று எந்த அடையாளமும் யாரும் அணியக்கூடாது என்ற பொதுவான நடுநிலை விதி நேரடிப் பாகுபாடு ஆகாது என்றும் சொன்னது. நிறுவனத்துக்கு அப்படியொரு விதி உண்மையிலேயே தேவை என்று காட்ட வேண்டும் என்பதை 2021-இல் சேர்த்துச் சொன்னது. ஆக, ஐரோப்பாவில் இந்த விஷயம் இன்னும் வழுக்கலாகத்தான் இருக்கிறது.

எப்படிக் கேட்பது

வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நாலு வரி மெயில் போதும். "ஒவ்வொரு வெள்ளியும் மதியம் 1.00 முதல் 1.45 வரை தொழுகைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அன்று காலை முக்கால் மணி நேரம் முன்னதாக வந்து அந்த நேரத்தை ஈடுசெய்கிறேன். அந்த நேரத்தில் என் அழைப்புகளை எடுக்க எங்கள் குழுவில் ஒருவர் சம்மதித்திருக்கிறார். இது சரிப்படவில்லை என்றால் வேறு வழி பேசத் தயார்." மத நூலிலிருந்து மேற்கோள் தேவையில்லை. உங்கள் மதத்தில் எல்லாரும் அப்படிச் செய்கிறார்களா என்பதும் பெரிய விஷயமில்லை. நீங்கள் மனதார நம்புகிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். நேற்றுவரை சனிக்கிழமை ஓவர்டைம் கேட்டு வாங்கியவர் இன்று திடீரென்று முடியாது என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் மனிதர்கள் மாறுவார்கள், அதையும் சட்டம் ஏற்கிறது.

நிறுவனமே ஆன்மிகம் கொண்டுவந்தால்

இப்போது அதிகமாகி வருவது இதுதான், இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். தியானம், நன்றியுணர்வுப் பயிற்சி, 'உள்ளொளி' முகாம். விருப்பமுள்ளவர் போகலாம் என்றால் சிக்கலில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு நிறுவனம் 'ஆனியன்ஹெட்' என்ற நம்பிக்கை முறையை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது. பிரார்த்தனை, மெழுகுவர்த்தி, சக ஊழியரிடம் "ஐ லவ் யூ" சொல்வது, எல்லாம் உண்டு. இது மதமே இல்லை, பிரச்சினை தீர்க்கும் கருவி என்று நிறுவனம் வாதாடியது. சட்டத்தின் பார்வையில் இது மதம்தான் என்று 2016-இல் நீதிபதி சொன்னார். 2018-இல் ஜூரி ஊழியர்களுக்கு 51 லட்சம் டாலர் தரச் சொன்னது. பெயரை மாற்றி வைத்தால் விதி மாறாது. நாத்திகருக்கும் இதே பாதுகாப்புதான்: பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், நம்பிக்கை இல்லாமையையும் பாதுகாப்புக்குள் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. உங்கள் நம்பிக்கையைப் பற்றிச் சகபணியாளரிடம் ஒருமுறை பேசுவது பேச்சு. அவர் வேண்டாம் என்ற பிறகும் தினமும் துண்டுப்பிரசுரம் வைத்தால் அது தொல்லை. பொதுமக்களுக்குச் சேவை தரும் இடத்தில் இருந்துகொண்டு குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் செய்ய மாட்டேன் என்றாலும் எடுபடுவது கடினம். ஒருபாலினத் தம்பதியின் இணைவைப் பதிவு செய்ய மறுத்த பிரிட்டன் பதிவாளர், சாப்ளினோடு சேர்ந்து 2013-இல் தோற்றவர்களில் ஒருவர்.

மறுத்துவிட்டார்களா? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மெயில், ரோஸ்டர், பழைய ஷிப்ட் மாற்றங்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். புகாருக்குக் கெடு உண்டு. அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாட்களுக்குள் போக வேண்டும்; அதேபோன்ற சட்டமும் அமைப்பும் உள்ள மாநிலமாக இருந்தால் 300 நாட்கள். கனடாவின் கூட்டாட்சி மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டு. நிறுவனத்துக்குள் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதால் இந்தக் கெடு தானாக நீளாது.