ஆர்எஸ்ஏ இருந்தும் டோயிங் பில் வருவது ஏன்? எதைக் கட்ட வேண்டும், எதை மறுக்கலாம்

‘ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, வண்டி நின்னா அவங்க பார்த்துப்பாங்க’ என்பது பலரும் நம்பும் கணக்கு. அது தப்பு. கார், பைக்குக்கு எடுக்கும் சாதாரண பேக்கேஜ் பாலிசியில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் கோளாறுகள் விலக்கப்பட்டவை. விபத்தில் அடிபட்டு வண்டி ஓடாமல் போனால்தான் அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவைத் தருவார்கள். அதற்கும் உச்சவரம்பு உண்டு: வழக்கமான பாலிசி வாசகப்படி ஒரு விபத்துக்கு காருக்கு 1,500 ரூபாய், டூ வீலருக்கு 300 ரூபாய். பேட்டரி இறங்கியதற்கும் கிளட்ச் போனதற்கும் அதில் ஒரு பைசா கிடையாது.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் ரோட்சைடு அசிஸ்டன்ஸ், சுருக்கமாக ஆர்எஸ்ஏ: வழியில் நின்றுபோன வண்டிக்கு வந்து உதவும் சேவை. இது மூன்று வழிகளில் கைக்கு வரும்: இன்சூரன்ஸோடு கூடுதலாக வாங்கும் ஆட்‑ஆனாக, கார் கம்பெனி அல்லது ஷோரூம் தரும் திட்டமாக, தனி நிறுவனத்தின் ஆண்டுச் சந்தாவாக. உங்களுடையது எது என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். பின்னால் புகார் எங்கே போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பாலிசி ஷெட்யூலில் பிரீமியம் பிரித்துக் காட்டும் இடத்தில் ஆர்எஸ்ஏ இருந்தால் அது இன்சூரன்ஸ். தனி சான்றிதழும் ஜிஎஸ்டி பில்லும் மட்டும் இருந்தால் அது வெறும் சேவை ஒப்பந்தம்.

கூடுதல் பில்லில் பெரும் பங்கு கிலோமீட்டரில் வருகிறது. ‘50 கி.மீ. வரை இலவச டோயிங்’ (வண்டியை இழுத்தோ ஏற்றியோ கொண்டுபோவது) என்று போட்டிருக்கும். அது ஒருவழியா, போகவரவா என்பது விதிமுறைக்குள் சின்ன எழுத்தில் இருக்கும். போகவர என்றிருந்தால், 40 கி.மீ. தள்ளி இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு 80 கி.மீ. கணக்கு, 30 கி.மீ. உங்கள் தலையில். கி.மீ.க்கு 40 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 1,200 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 216 சேர்த்து 1,416. சில திட்டங்களில் ‘அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்’ வரைதான் இலவசம். அதைத் தாண்டி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொன்னால் மிச்ச தூரத்துக்குக் காசு கேட்பது நியாயமே.

அடுத்தது, சேவை இலவசம், பொருள் இலவசமில்லை என்பது. ஸ்டெப்னி மாற்றித் தருவார்கள்; பஞ்சர் ஒட்டும் காசு உங்களுடையது. பெட்ரோல் கொண்டுவந்து தருவார்கள். பெட்ரோல் விலையைத் தனியாகக் கேட்பது வழக்கம். புது பேட்டரி, ஃபியூஸ், பெல்ட் எல்லாம் உங்கள் செலவு. டோல்கேட் கட்டணத்தையும் பல திட்டங்கள் உரிமையாளரிடமே விடுகின்றன. ஆண்டுக்கு இத்தனை தடவை என்ற வரம்பும் இருக்கும். அது தீர்ந்த பிறகு கூப்பிட்டால் முழுக் கட்டணம்.

தகராறு அதிகம் வருவது வண்டி நிற்கும் இடத்தால். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கூரை தாழ்வாக இருந்தால் பிளாட்பெட், அதாவது காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, உள்ளே நுழையாது. பேட்டரி செத்து, எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டால் சக்கரம் உருளாது. சக்கரத்துக்கு அடியில் உருளைத் தட்டு வைத்துத்தான் நகர்த்த வேண்டும். பள்ளத்தில் இறங்கிய வண்டிக்கு கிரேன் தேவை. இவற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். எனவே போன் செய்யும்போதே வண்டி ஆட்டோமேட்டிக்கா, எலக்ட்ரிக்கா, எந்தத் தளத்தில் நிற்கிறது, சக்கரம் உருளுகிறதா என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தப்பான வண்டி வரும். வந்து திரும்பியதற்கும் காசு கேட்பார்கள். ஆட்டோமேட்டிக், எலக்ட்ரிக் கார்களுக்கு பிளாட்பெட்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்லுங்கள். ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போனால் கியர்பாக்ஸோ மோட்டாரோ கெடும். அந்தச் செலவுக்கு முன்னால் டோயிங் பில் ஒன்றுமே இல்லை.

வண்டியை ஏற்றும் முன்பே கால் சென்டருக்குப் போன் போட்டு, ‘இலவச தூரம் எவ்வளவு, மீதிக்கு என்ன ரேட், வேறு கட்டணம் உண்டா?’ என்று கேட்டு, பதிலை எஸ்எம்எஸ்ஸாகவோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொல்லுங்கள். கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் தன் சொந்த நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னால், நிறுவனத்தின் பில் வந்தால்தான் பணம் என்று சொல்லலாம். நடுராத்திரியில் வேறு வழியின்றிக் கட்ட நேர்ந்தால், ‘ஒப்புக்கொள்ளாமல் கட்டுகிறேன், திரும்பக் கேட்பேன்’ என்று அப்போதே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். இன்னொன்று: முன் அனுமதி இல்லாமல் வெளி ரெக்கவரி வண்டியைப் பிடித்துவிட்டு பில் கொடுத்தால் பெரும்பாலும் நிராகரிப்பார்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் முதலில் 1033. இது நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர உதவி எண்; ரோந்து வண்டியும் கிரேனும் ஆம்புலன்ஸும் இதன் வழியாக வரும். போக்குவரத்தை மறித்து நிற்கும் வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவதுதான் அந்த கிரேனின் வேலை. ஒர்க்‌ஷாப் வரை அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பணம் தவறாக வாங்கப்பட்டிருந்து, உங்கள் ஆர்எஸ்ஏ இன்சூரன்ஸ் ஆட்‑ஆன் என்றால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார் தளம், அல்லது 155255. நிறுவனத்திடமிருந்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ அது மறுத்துவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், மறுப்பு வந்து ஓராண்டுக்குள் மனு போய்விட வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஷோரூம் திட்டம், தனிச் சந்தா என்றால் ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். அதற்கு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

கேட்காமலே ஆர்எஸ்ஏ ஏறிக்கொள்வதும் உண்டு. ஆன்லைனில் பாலிசி வாங்கும்போது முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். வாங்குபவரின் சம்மதமின்றி பில்லில் பொருளோ சேவையோ சேர்ப்பதும், விலையைக் கடைசிப் பக்கத்தில் ஏற்றிக் காட்டுவதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்படி தடைசெய்யப்பட்டவை. பணம் கட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915‑இல் புகார் செய்யலாம்.