சொல் விளக்கம்: ரியல் டைம் டெக்ஸ்ட் என்பது நிகழ்நேர உரையா, நிகழ்நேர எழுத்தா?

தொலைபேசி அழைப்பில் ஒருவர் விசையைத் தட்டத் தட்ட, எழுத்து எழுத்தாக எதிர்முனைத் திரையில் தோன்றும் முறைக்கு ரியல் டைம் டெக்ஸ்ட் என்று பெயர், சுருக்கமாக ஆர்டிடி. இதில் ‘அனுப்பு’ பொத்தான் இல்லை. தட்டியதை அழித்தால், அழிவதும் எதிரே தெரியும். அரட்டைச் செயலிகளில் ‘டைப்பிங்’ என்று காட்டுவதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே முழு வாக்கியமும் வந்து விழும்வரை எதிராளி காத்திருக்கத்தான் வேண்டும்.

காது கேளாதவரோ பேச இயலாதவரோ அவசர உதவியை அழைக்கும்போது இந்த வேறுபாட்டின் பெறுமானம் தெரியும். ‘தீப்பிடித்துவிட்டது, இரண்டாம் மாடியில் குழந்’ என்ற இடத்தில் இணைப்பு அறுந்தால், செய்திச் செயலியில் ஒன்றுமே போய்ச் சேர்ந்திருக்காது. ஆர்டிடியில் ‘குழந்’ வரைக்கும் போயிருக்கும்.

இதன் முன்னோடி டிடிஒய் என்ற தொலைபேசித் தட்டச்சுக் கருவி. 1964இல் கலிபோர்னியாவில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர், கழித்துப்போட்ட டெலிபிரிண்டரை, அதாவது தொலைவிலிருந்து வரும் எழுத்தை அச்சிடும் எந்திரத்தைச் சாதாரணத் தொலைபேசியோடு சேர்க்கும் ஒலி இணைப்பியைச் செய்தார். ரிசீவரை அதன்மேல் கவிழ்த்து வைத்தால், 1400, 1800 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் மாறி மாறிப் போகும்; வேகம் வினாடிக்கு 45.45 துடிப்பு. எழுத்துகளுக்குப் பயன்பட்டது பாடோ என்ற பழைய தந்திக் குறியீடு, எழுத்துக்கு 5 பிட். 5 பிட்டில் 32 குறிகள்தான் கிடைக்கும். ஆங்கிலப் பேரெழுத்துக்கே 26 போய்விடும். எனவே எண்ணுக்கும் நிறுத்தக்குறிக்கும் தாவ ஒரு குறி, திரும்பி வர ஒரு குறி. இரைச்சலில் அந்தத் தாவல் குறி ஒன்று தொலைந்தாலும், பின்னால் வரும் சொற்கள் எண்களாக மாறிவிடும். இருவரும் ஒரே நேரத்தில் தட்டவும் முடியாது. ‘ஜிஏ’ என்று தட்டி முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். பேச்சை முடிக்க ‘எஸ்கே’. தமிழின் 247 எழுத்துக்கு அதில் இடமே இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பிற நாடுகள் வேறு வேறு வழியில் போயின. ஜெர்மனியில் ஈடிடி, பிரான்சில் மினிடெல், பிரிட்டனில் வி.21 என ஒன்றோடொன்று பேசாத கருவிகள். இவற்றை அடையாளம் கண்டு இணைக்கவே பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1994இல் வி.18 தரநிலையைத் தந்தது. ஆனால் அதற்குள் தொலைபேசியே மாறத் தொடங்கியிருந்தது. மொபைல், இணையத் தொலைபேசிகளின் ஒலிச் சுருக்கிகள் மனிதப் பேச்சுக்காக வார்க்கப்பட்டவை. டிடிஒய்யின் தொனிகளை அவை சிதைக்கும். இணையத்தில் ஒலி சிறுசிறு தரவுப் பொட்டலங்களாகப் போகும்; இடையில் ஒரு பொட்டலம் தொலைந்தால் எழுத்தும் தொலையும். எழுத்தை ஒலியாக்கி அனுப்பும் வழியையே விட்டால்தான் தீர்வு என்ற நிலையில் 1998இல் அதே ஒன்றியத்தின் டி.140 தரநிலை வந்தது. அது, பல மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யுனிகோடு குறியீட்டில், எழுத்தை எழுத்தாகவே அனுப்புகிறது. தமிழில் தொலைபேசி வழியே தட்டிப் பேசும் வாசல் திறந்தது இங்கேதான்.

இனி சொல்லுக்கு வருவோம்.

‘ரியல் டைம்’ கணினித் துறையிலிருந்து வந்தது. நிகழ்வின் வேகத்துக்கே கணக்கீடும் ஈடுகொடுப்பது என்று பொருள். இதை ‘மெய்நேரம்’ என்பவர்கள் ‘ரியல்’ என்பதை மட்டும் பெயர்க்கிறார்கள். பொய்நேரம் என்று ஒன்று இருந்தால் அல்லவா மெய்நேரம் வேண்டும்? ‘உடனடி’ என்றாலும் சரிவராது. உடனடிச் செய்தி என்பது ‘அனுப்பு’ பொத்தான் உள்ள வேறு சேவை. ‘நிகழ்நேரம்’ நன்றாகப் பொருந்துகிறது. வினைத்தொகையாதலால் காலம் காட்டாமல் நிற்கிறது. நடந்துகொண்டே இருப்பதை அது தானே உணர்த்துகிறது. தகவல் தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 301 549 தரும் வரையறையும் இதையே அழுத்துகிறது: பயனருக்குத் தொடர்ச்சியாகத் தோன்றும்படி எழுத்து போய்ச் சேர வேண்டும்.

சிக்கல் ‘டெக்ஸ்ட்’ என்பதில். நெய்தல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. (இழைக்கும் புத்தகத்துக்கும் ‘நூல்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது வியப்பில்லை.) கணினித் தமிழில் இதை ‘உரை’ என்கிறோம், ஆர்டிடியை ‘நிகழ்நேர உரை’ என்று பெயர்த்துவிடுகிறோம். ஆனால் குடியரசுத் தலைவர் ஆற்றுவதும் உரை, உரையாசிரியர் எழுதுவதும் உரை, உரையாடலிலும் உரை. வேறு துறைகளில் சூழல் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பேச்சும் எழுத்தும் எதிரெதிரே நிற்கும் இந்தத் துறையில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது பிழைக்கு வழி. ‘நிகழ்நேர உரை வசதி’ என்று படிப்பவர், மேடைப் பேச்சின் நேரலை என்று எடுத்துக்கொண்டால் குற்றம் அவர்மேல் இல்லை. இலக்கியத் திறனாய்வில் புழங்கும் ‘பனுவல்’ அழகான சொல்தான்; தொலைபேசி அமைப்புப் பட்டியலில் ஒட்டாது.

ஆகவே ‘நிகழ்நேர எழுத்து’ என்பதே எங்கள் பரிந்துரை. பொத்தான் போன்ற குறுகிய இடங்களில் ‘நிகழெழுத்து’. இலக்கணத்தில் எழுத்து என்பது ஒலிவடிவத்தையும் குறிக்குமே என்று ஒருவர் மடக்கலாம். உண்மைதான், எழுத்ததிகாரம் பெரிதும் ஒலியைப் பற்றியதே. ஆனால் இன்று ‘எழுத்தில் கொடு’ என்றால் யாரும் வாயால் சொல்வதில்லை.

பெயர் சரியானால் போதாது, தமிழ் சரியாகப் போய்ச் சேரவும் வேண்டும். இணைய வழி அழைப்பில் டி.140ஐ ஏற்றிச் செல்லும் முறையை 2005இல் வந்த ஆர்எஃப்சி 4103 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வகுக்கிறது. தட்டியவை 300 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு பொட்டலமாகப் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் முந்தைய இரண்டின் எழுத்துகளும் சேர்ந்திருப்பதால், அடுத்தடுத்து இரண்டு தொலைந்தாலும் எதுவும் போகாது. மூன்று தொலைந்தால் அந்த இடத்தில் வினாக்குறி பொதிந்த கறுப்புச் சாய்சதுரம் வரும். அது எழுத்துருக் கோளாறு இல்லை. இழப்பு நேர்ந்த இடம் என்ற அறிவிப்பு. அதை மறைத்துவிடக் கூடாது. ‘வணக்கம்’ என்பது யுனிகோடில் 7 குறிகள், அவற்றை அனுப்பும் யுடிஎஃப்-8 வடிவில் 21 பைட்டு. மூன்று முறை போனாலும் 63. ஒலிக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது தூசு.

தமிழில் உண்மையாகவே இடறும் இடம் அழிப்பு. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘k’ விசையைத் தட்டினால் முதலில் ‘க்’ வரும். ‘a’ விசையைத் தட்டியதும் புள்ளி நீங்கிக் ‘க’ ஆகும். அதாவது ஒவ்வோர் உயிர்மெய்க்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் ஓர் அழிப்புக் கட்டளை போகிறது. அனுப்பும் கருவி புள்ளியை மட்டும் அழித்ததாக எண்ண, பெறும் கருவி ‘க்’ முழுவதையும் ஓர் எழுத்தாகக் கருதி அழித்தால் இரண்டு திரையும் பிரிந்துவிடும். ‘கடலூர்’ என்று தட்டிப் பாருங்கள். கருவிகள் அப்படி முரண்பட்டால், எதிரே அந்தரத்தில் தொங்கும் ஊகாரக் குறியும் ‘ர்’ என்பதும்தான் மிஞ்சும். தமிழ் எழுத்துகளையே விசைகளாகக் கொண்ட தமிழ்99 பலகையில் குறிகள் முன்னோக்கியே சேர்வதால் இந்தத் தொல்லை குறைவு. எனவே சோதனையை இரண்டு பலகையிலும் செய்ய வேண்டும். தமிழ்99இல் தேறியதை மட்டும் நம்பிச் சான்றளிக்கக் கூடாது.

சொல் ஊகிப்பு இன்னொரு கண்ணி. ஈஎன் 301 549இன் 2021 பதிப்பு, உறுதியாக உருவான மிகச்சிறிய எழுத்தலகு கிடைத்த 500 மில்லிவினாடிக்குள் அது வலையமைப்புக்குப் போக வேண்டும் என்கிறது. இடைவெளி விசை தட்டினால்தான் சொல்லை விடுவிக்கும் பலகைகளில் அந்த ‘அலகு’ முழுச் சொல்லாகிவிடும். விதிப்படி தேறும், எழுத்தெழுத்தாக ஓடும் பயன் போய்விடும். அவசர அழைப்பில் ஊகிப்பை அணைத்துவைப்பது நல்லது.

அதே தரநிலை மேலும் சில கேட்கிறது: பேச்சும் எழுத்தும் ஒரே அழைப்பில் ஒருசேர ஓட வேண்டும், அனுப்பியது எது, வந்தது எது என்று கண்ணுக்கும் தெரிய வேண்டும், பிரெய்ல் திரைக்கும் தெரிய வேண்டும். இத்துடன் காணொளியும் சேர்ந்தால், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எஃப்.703 பரிந்துரை அதை ‘முழு உரையாடல்’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறது. சைகை மொழியில் பேசிக்கொண்டே முகவரியை மட்டும் தட்டிவிடலாம். இங்கே ‘உரையாடல்’ பொருத்தமே. மூன்று வழிக்கும் அது பொது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல், குரல் அழைப்புச் சேவையோடு நிகழ்நேர எழுத்தையும் தரச் சொல்கிறது. அவசர அழைப்பு மையங்களுக்கு 2027 ஜூன் 28 வரை தவணை தர உறுப்பு நாடுகளுக்கு இடமுண்டு. அமெரிக்காவில் 2016 டிசம்பரிலேயே டிடிஒய்க்கு மாற்றாக மொபைல் நிறுவனங்கள் இதைத் தர ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவில் ஐஎஸ் 17802 தரநிலை, ஈஎன் 301 549ஐத் தழுவியது; 2023இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் அது சேர்க்கப்பட்டது.

அதைக் காட்டிக் கொள்முதல் அறிக்கை எழுதும் தமிழ்நாட்டு அலுவலகங்கள் ‘நிகழ்நேர உரை’ என்று மொட்டையாகப் போடாமல் இப்படி எழுதலாம்: ‘குரல் அழைப்பு நடக்கும்போதே இருவழியிலும் ஓடும் நிகழ்நேர எழுத்து, டி.140, ஆர்எஃப்சி 4103 முறைப்படி. தமிழ்99, ஒலிபெயர்ப்புப் பலகை இரண்டிலும் அழிப்புச் சோதனை தேறியது.’ அழைப்பை இன்னொரு எண்ணுக்கு மாற்றும்போதும் எழுத்துத் தடம் அறுந்துபோகக் கூடாது என்பதைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். நடுவே நிற்கும் கருவிகள் ஒலியை மட்டும் கடத்திவிட்டு எழுத்தைக் கைவிடுவது அங்கேதான்.