பைக்குள் கிடந்த பன்னிரண்டு வெள்ளிக் கண்ணாடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஞாயிறு மாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், எங்கள் கண்ணாடிக்கடைக்குள் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் வந்தார். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர், வயது 44. "மேடம், கண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. சாயங்காலமானா செவந்துடுது. சொட்டு மருந்து ஏதாச்சும் குடுங்க" என்றார்.

உட்கார வைத்து விளக்கடியில் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கத்தில் வெள்ளை விழியிலிருந்து சதை கிளம்பி, கருவிழியின் மேல் ஏறியிருந்தது. வலது கண்ணில் கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது.

"வெயில்ல கூலிங் கிளாஸ் போடுவீங்களா அண்ணே?"

"முன்னாடி போட்டுக்கிட்டுதான் இருந்தேன். மூணு வருசமா போடறதில்லை. சீப்பான கண்ணாடி போட்டா, போடாம இருக்கிறதைவிட மோசம், கண்ணே போயிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நல்லதா வாங்கலாம்னு போனா முந்நூறு, நானூறு வெள்ளிங்கிறாங்க. அதான் விட்டுட்டேன்."

பழைய கண்ணாடி எங்கே என்று கேட்டேன். தோள்பையின் அடியில் துழாவி எடுத்தார். சிராங்கூன் ரோட்டில் 12 வெள்ளிக்கு, அதாவது 12 சிங்கப்பூர் டாலருக்கு, வாங்கியது. அங்கங்கே கீறல், ஒரு பக்கக் கால் தளர்ந்திருந்தது. எங்களிடம் ஒரு சின்னச் சோதனைப் பெட்டி உண்டு. வெயிலோடு வந்து கண்ணைக் கெடுக்கும் புற ஊதாக்கதிர் (யூவி), கண்ணாடியை அதில் வைத்தால் எவ்வளவு ஊடுருவுகிறது என்று காட்டிவிடும். வைத்தேன். பூஜ்யம். இன்னொரு பக்கத்தையும் வைத்தேன். அதுவும் பூஜ்யம்.

அந்த அண்ணனிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒரு நிமிடம் தெரியவில்லை. மூன்று வருடமாக, வெயிலில் நிற்கும் ஒவ்வொரு நாளும், வேலை செய்யக்கூடிய ஒரு கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்கண்ணோடு நின்றிருக்கிறார். இந்த மூன்று வருடத்தால்தான் சதை வளர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அது பல வருட வெயிலும் தூசியும் சேர்ந்து செய்யும் வேலை. ஆனால் அந்த மூன்று வருடமும் கணக்கில் உண்டு.

இதே கதையோடு என்னிடம் வருபவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். பாதி உண்மை, அதுதான் தொல்லை. வெளிச்சம் குறைந்தால் கண்ணின் பாவை விரியும். வெறுங்கண்ணோடு வெயிலில் நின்றால் நாமாகவே கண்ணைச் சுருக்கிக்கொள்வோம், கறுப்புக் கண்ணாடி போட்டால் அந்தச் சுருக்கமும் இருக்காது. ஆகவே, வெளிச்சத்தை மட்டும் குறைத்துவிட்டுப் புற ஊதாக்கதிரை அப்படியே உள்ளே விடுகிற கண்ணாடி இருந்தால், அது போடாததைவிட மோசம்தான். இதுவரை சரி.

இதற்குப் பிறகுதான் யாரோ ஒருவர் தாவியிருக்கிறார். "அப்படிப்பட்ட கண்ணாடி" என்பது "மலிவான கண்ணாடி" ஆகிவிட்டது. எப்படி ஆனது? விலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இன்றைக்கு மலிவுக் கண்ணாடிகளில் நிறைய, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் வருகின்றன. பாலிகார்பனேட்டின் இயல்பே புற ஊதாவைத் தடுப்பதுதான். மேலே எதையும் பூச வேண்டியதில்லை. வேறு பிளாஸ்டிக் என்றால் புற ஊதாவை உறிஞ்சும் பொருளை அதோடு கலந்துவிடுவார்கள், அதற்கு ஆகும் செலவு சில காசு. கூலிங் கிளாஸில் இருப்பதிலேயே மலிவான சமாச்சாரம் புற ஊதாத் தடுப்புதான். அதற்காகத்தான் நானூறு வெள்ளி கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

அப்படியென்றால் அந்த நானூறு வெள்ளி எங்கே போகிறது? சட்டத்துக்கு, கீலுக்கு, கண்ணாடியின் தெளிவுக்கு, கடை வாடகைக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயருக்கு. ரேபான், ஓக்லி இரண்டும் எஸிலோர்லக்ஸோட்டிகா என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. பெரிய ஃபேஷன் பெயர்கள் பலவற்றுக்கும் உரிமம் வாங்கிக் கண்ணாடி செய்து கொடுப்பது அதே நிறுவனம்தான். நல்ல கண்ணாடிகள், நான் குறை சொல்லவில்லை. நானே ஒன்று வைத்திருக்கிறேன். முகத்தில் நன்றாக உட்காருகிறது, ஐந்து வருடமாகக் கீல் தளரவில்லை. ஆனால் புற ஊதாச் சோதனையில் அந்த அண்ணனின் 12 வெள்ளிக் கண்ணாடி வாங்கிய மதிப்பெண்தான் என்னுடையதும் வாங்கியது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, கறுப்பை நம்பும் கூட்டம். "நல்லா கறுப்பா குடுங்க, அப்பதான் பவர்ஃபுல்." ஐயா, சாம்பாரின் நிறத்தைப் பார்த்து உப்பு இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? புற ஊதாக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தடுக்கும் பொருளுக்கும் நிறம் தேவையில்லை. நிறமே இல்லாத பாலிகார்பனேட் முழுதாகத் தடுக்கும். கன்னங்கரேலென்ற பழைய கண்ணாடி வில்லை பாதியை விட்டுவிடலாம். கறுப்பு கூச்சத்துக்கு, அவ்வளவுதான்.

கறுப்பிலும் அளவு உண்டு. உலகத்தரத்தில் 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள், காலின் உட்புறத்தில் சின்னதாகப் போட்டிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு 3ஆம் வகை போதும், வெளிச்சத்தில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை உள்ளே விடும். 4ஆம் வகை பனிமலைக்கு. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. 3ஆம் வகையைப் போட்டு ஓட்டுகிறவர்களும் சுரங்கச் சாலைக்குள் நுழையும்போது கழற்றுங்கள். காலாங் பாய லேபார் விரைவுச்சாலையில் சுரங்கம் மட்டுமே 9 கிலோமீட்டர். இரவில் மஞ்சள் கண்ணாடி போட்டு ஓட்டுவது பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம். இரவில் வருவதே கொஞ்சம் வெளிச்சம், அதையும் எதற்குக் குறைக்கிறீர்கள்?

"போலரைஸ்டு வாங்கிட்டேன், அது போதும்தானே?" போலரைஸ்டு என்பது ஈரச் சாலையிலும் தண்ணீரிலும் கார் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் தூண்டில் போடும் அங்கிள்களுக்கும் அருமையான பொருள். புற ஊதா வேறு கணக்கு. இரண்டும் சேர்ந்தே வருவதுதான் வழக்கம், ஆனால் ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

விலையைவிட நான் அதிகம் கவலைப்படுவது வடிவத்தைப் பற்றி. இதை யாருமே கேட்பதில்லை. அந்தச் சதை ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கத்தில் வளர்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மினாஸ் கோரோனியோ என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். காதோரத்துப் பொட்டுப் பக்கத்திலிருந்து பக்கவாட்டில் வரும் கதிரைக் கருவிழியின் வளைவு ஒரு பூதக்கண்ணாடிபோலக் குவித்து, எதிர்ப்பக்கமான மூக்கோரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதாவது சேதம் செய்யும் வெயிலில் ஒரு பங்கு நேரே முன்னாலிருந்து வருவதே இல்லை, பக்கத்திலிருந்து வருகிறது. நானூறு வெள்ளி கொடுத்து, இப்போது எல்லாரும் போடுகிறார்களே, ஐம்பது காசு அளவு வட்டக் கண்ணாடி, அதை வாங்கி மூக்கு நுனியில் வைத்துக்கொண்டால் அந்த வெயிலுக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. பொட்டு வரை வளைந்து மூடுகிற 15 வெள்ளிக் கண்ணாடி அதைவிட எவ்வளவோ மேல். மேலே ஒரு தொப்பியும் வைத்தால் இன்னும் நல்லது.

நேரத்தையும் தப்பாகக் கணக்குப் போடுகிறோம். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சி வெயிலில், புற ஊதாவின் கடுமையைச் சொல்லும் குறியீடு 11ஐத் தொடுவதும் இங்கே உண்டு, அது மிகக் கடுமை. தேசிய சுற்றுப்புற வாரியம் காலை 7 முதல் மாலை 7 வரை மணிக்கு மணி வெளியிடுகிறது, பாருங்கள். ஆனால் அது தரையில் விழும் கணக்கு, தோலுக்குப் பொருந்தும். உச்சியில் வெயில் தலைமேல் விழும், புருவமும் இமையும் கண்ணுக்கு நிழல் தரும். காலை 9, 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வெயில் சாய்ந்து நேராகக் கண்ணுக்குள் வருகிறது. "மத்தியானம் மட்டும்தான் போடுவேன்" என்பவர்கள் கவனிக்க. மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் பெரும்பங்கு கீழே வந்துவிடும்.

சரி, வாங்கும்போது என்னதான் பார்ப்பது? ஒட்டுத்தாளில் "யூவி 400" என்று இருக்க வேண்டும். 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்று பொருள். ஆனால் ஒட்டுத்தாள் அச்சடிப்பது கண்ணாடி செய்வதைவிட மலிவு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினாலும் சரி, ஜோகூரில் வாங்கினாலும் சரி, முஸ்தஃபா கடையில் வாங்கினாலும் சரி, பக்கத்துக் கண்ணாடிக்கடைக்கு எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. கண்ணாடி வழியே ஊதா டார்ச் அடித்து, வெள்ளி நோட்டு ஒளிர்கிறதா என்று பார்க்கும் இணைய வித்தை வேண்டாம். மலிவு டார்ச்சுகளில் பெரும்பாலானவை 395 நானோமீட்டர் ஒளி தருபவை, அது 400இன் விளிம்பில் நிற்கும் கணக்கு. நல்ல கண்ணாடியையும் கெட்டது என்று காட்டிவிடும்.

மலிவுக் கண்ணாடியில் உண்மையான குறை ஒன்று உண்டு, தெளிவு. கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, அதன் வழியே தாழ்வாரக் கம்பியையோ தரை ஓட்டின் கோட்டையோ பார்த்துக்கொண்டு மெல்ல அசையுங்கள். கோடு நெளிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டால் தலைவலிதான் மிச்சம். கீறல் விழுந்தால் புற ஊதாத் தடுப்பு போய்விடும் என்பதும் தவறு. பார்வைக்குத்தான் இடைஞ்சல்.

கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை, அதாவது சிங்கப்பூரில் பாதிப் பேருக்கு. பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பவர் இல்லாத கூலிங் கிளாஸோடு கார் ஓட்டிக்கொண்டு என் கடைக்கே வருகிறார்கள்! உங்கள் பவர் கண்ணாடி பாலிகார்பனேட் அல்லது மெல்லிய வகைப் பிளாஸ்டிக் என்றால், பெரும்பாலும் அதுவே புற ஊதாவைத் தடுத்துவிடும். கூச்சத்துக்கு மேலே மாட்டும் கிளிப் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி காருக்குள் சரியாகக் கறுக்காது. முன்கண்ணாடியே புற ஊதாவைத் தடுத்துவிடுவதால் அதற்கு வெயில் இருப்பதே தெரியாது. அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களை எண்ண என் விரல்கள் போதாது.

தளத்தில் வேலை செய்யும் தம்பிகளே, உங்களுக்குக் கூலிங் கிளாஸே வேண்டாம். இரும்புச் சாமான் கடையில் கறுப்பு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கும், பத்துப் பதினைந்து வெள்ளிதான். சட்டத்தில் "இசட் 87" என்றோ "ஈஎன் 166" என்றோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். பாலிகார்பனேட், பக்கவாட்டிலும் மூடும், கல் தெறித்தாலும் தாங்கும். கூலிங் கிளாஸ் உடைந்தால் சில்லு கண்ணுக்குள்ளேயே போகும். வெல்டிங் பார்க்க இரண்டுமே உதவாது, அதற்கு முகமூடிதான். சதை வளர்கிறது என்று தேனோ தாய்ப்பாலோ விடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சதை கரையாது, கிருமிதான் சேரும். சிவப்புக்கு மட்டும் சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். கருவிழி மேல் ஏறினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த அண்ணனுக்குக் கண் மருத்துவரிடம் காட்டக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தளர்ந்த காலை முறுக்கி, மூக்கில் சரியாக உட்காரும்படி செய்து, அதே 12 வெள்ளிக் கண்ணாடியைப் போட்டு அனுப்பினேன். அடுத்த ஞாயிறு விடுதி நண்பர்கள் ஆறு பேரோடு வந்துவிட்டார், எல்லார் கையிலும் ஒன்றிரண்டு கண்ணாடி. மொத்தம் பதினொன்று. ஒன்பது தேறின. தேறாத இரண்டில் ஒன்று எங்கே வாங்கியது என்று வைத்திருந்தவருக்கே நினைவில்லை, குப்பைக்குப் போனது. மற்றது பழங்காலத்து அசல் கண்ணாடி வில்லை, பச்சை நிறம். "இது எங்கப்பா போட்டது மேடம்" என்றார் அந்தப் பையன். வெயிலில் போடாதே, போட்டோவுக்கு மட்டும் போட்டுக்கொள் என்று சொல்லி, வைத்துக்கொள்ள ஒரு பெட்டி கொடுத்தேன்.