பைட்டோரெமிடியேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மச்சினன் போனில் கேட்டான்: “மாமா, பைட்டோரெமிடியேஷனுக்குத் தமிழ் என்ன? கழிவுநீர்த் தொட்டியில் சம்புப்புல் நட்டிருக்கோம், போர்டு எழுதணும்.” தாவரவழிச் சுத்திகரிப்பு என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறுத்தியது.

‘பைட்டோன்’ கிரேக்கம், செடி என்று பொருள். ‘ரெமெடியம்’ லத்தீன், மருந்து, குறை தீர்ப்பது. இரண்டையும் ஒட்டுப்போட்ட இந்தச் சொல் 1990-களில் புழக்கத்துக்கு வந்தது. கெட்டுப்போன மண்ணையோ நீரையோ செடிகளைக் கொண்டு சீராக்குவதைக் குறிக்கும்.

முதல் பாதிக்குத் ‘தாவரம்’ போடலாம். ஆனால் அது வடமொழி ஸ்தாவரம்: நின்ற இடத்தில் நிற்பது. ‘நிலைத்திணை’யும் அதே பொருள்தான். ஊட்டி ஏரியில் காற்றடித்த பக்கமெல்லாம் மிதந்துபோகும் வெங்காயத்தாமரையை அப்படி அழைத்தால் சிரிப்பு வருகிறது. (இதைப் பலர் ஆகாயத்தாமரை என்கிறார்கள். அது இலைக்கோசு போல அடுக்கடுக்கான இலை கொண்ட வேறு செடி. இலைக்காம்பு வெங்காயம் போல உப்பியிருந்தால் வெங்காயத்தாமரை.) ‘செடி’யே போதும்.

சிக்கல் ‘சுத்திகரிப்பி’ல் இருக்கிறது. தொழிற்சாலை நீரில் ஈயம், காட்மியம், குரோமியம் இருந்தால் வெங்காயத்தாமரையின் வேர் அவற்றை இழுத்துக்கொள்ளும். ஆனால் உலோகம் அழிவதில்லை, செடிக்குள் குடியேறுகிறது. காலத்தில் அள்ளி அகற்றாவிட்டால் செடி அழுகி, இழுத்ததெல்லாம் அதே தண்ணீருக்குத் திரும்பும். அள்ளியதை மாட்டுக்கும் போட முடியாது. ஏரியில் தானாக மண்டிக் கிடப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சாக்கடைச் சத்தைத் தின்று பெருகி, நீர்ப்பரப்பை மூடி, அடியில் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். உறைபனியில் இலை கருகினாலும் குருத்து பிழைத்துத் திரும்பத் துளிர்க்கும்.

மச்சினனின் சம்பு செய்வது வேறு வேலை. ஃபேக்டரி கழுவிய நீரில் பெரும்பாலும் தேயிலைச் சாறும் தூசியும்தான். சம்பு காற்றை வேருக்குக் கொண்டுபோகிறது; வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைத் தின்கின்றன. வேர் வடிகட்டுவதை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘வேர்வடிகட்டல்’ எனலாம்.

நீரைத் தெளியவைக்க நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: தேற்றுதல். தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்தால் கலங்கல் அடியில் படியும். ஆசைதான், ஆனால் கரைந்த உலோகத்துக்கு அது ஆகாது. அதோடு ‘செடித்தேற்றம்’ என்றால் பள்ளிப் பிள்ளைகள் பிதாகரஸைத் தேடுவார்கள்.

கடைசியில் ‘செடிவழி மீட்பு’ என்று முடிவு செய்தேன். அடகுநகையை மீட்பது போல, நம் பக்கமும் வேலை பாக்கி இருக்கிறது என்பது அதில் தெரிகிறது. சொல்லக் கூப்பிட்டேன்.

“போர்டு எழுதியாச்சு மாமா. இங்கே எல்லாரும் சம்புத்தொட்டின்னுதான் சொல்றாங்க, அதையே போட்டுட்டோம்.”