ஆக்ட் ஆஃப் காட்: தமிழில் எப்படிச் சொல்வது?

புயலாலோ வெள்ளத்தாலோ இழப்பு நேரும்போது, ஈடு தரவேண்டியவர் தரப்பில் இது ‘ஆக்ட் ஆஃப் காட்’ (கடவுளின் செயல்), அதனால் நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதம் எழும். பெயரில் கடவுள் இருந்தாலும் நீதிமன்றம் பார்ப்பது இரண்டைத்தான். மனிதர் கை படாமல் இயற்கையால் மட்டுமே நிகழ்ந்ததா? நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய முன்யோசனையும் கவனமும் இருந்தும் தடுக்க முடியாததா?

இதன் வேர் ரோமானியச் சட்டத்தின் ‘விஸ் மாயோர்’. மேலான வலிமை என்று பொருள். அதைக் கிரேக்கர் தெய்வ வலிமை என்பர் என்று ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ் குறித்திருக்கிறார். ஆங்கிலச் சட்டத்தில் 1581ஆம் ஆண்டின் ஷெல்லி வழக்கிலேயே ‘ஆக்ட் ஆஃப் காட்’ வருகிறது. எந்த முயற்சியாலும் தவிர்க்க முடியாத ஒன்று, தவறிழைக்காதவருக்குக் கேடாக அமையக்கூடாது என்பதே அங்கே சொல்லப்பட்ட நியாயம்.

பேரிடர் வந்துவிட்டாலே பொறுப்பு நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1876இல் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லேண்ட் வழக்கில், வரலாறு காணாத மழையால் செயற்கை ஏரிகள் உடைந்து நான்கு பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஏரிகளின் உரிமையாளரிடம் கவனக்குறைவு இல்லாததால் அவர் பொறுப்பாக்கப்படவில்லை. 1917இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகராட்சி வழக்கில் தீர்ப்பு நேர்மாறாக அமைந்தது. குழந்தைகள் விளையாடும் குளத்துக்காக நகராட்சி ஓடையின் போக்கை மாற்றியிருந்தது. பெருமழையில் நீர் திசைமாறிப் பாய்ந்து ரயில் நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்தது. மழையைக் காரணம் காட்டி நகராட்சியால் தப்ப முடியவில்லை. இந்த இரண்டாம் தீர்ப்பையே நான் பெரிதும் மதிக்கிறேன். ஓடையை மறித்தவர் வானத்தின்மேல் பழி போட இடம் தரக்கூடாது.

ஒப்பந்தங்களில் செலவு கூடிவிட்டது என்பதற்காக மட்டும் கடமை நீங்காது. நிறைவேற்றவே இயலாமல் போகவேண்டும். அதனால்தான் போர், தொற்றுநோய் போன்றவற்றையும் சேர்த்து அவை நேர்ந்தால் கடமையிலிருந்து விலக்குத் தரும் ‘ஃபோர்ஸ் மெஜூர்’ என்ற பிரிவை முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். காப்பீட்டிலோ இந்தப் பொதுச்சொல்லை நம்பிப் பயனில்லை. புயல், வெள்ளம், நிலநடுக்கம் எனப் பாலிசியில் எவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன, எவை விலக்கப்பட்டிருக்கின்றன என்பதே இழப்பீட்டைத் தீர்மானிக்கும்.

‘தெய்வச் செயல்’, ‘கடவுள் செயல்’ என்ற மொழிபெயர்ப்புகள் எனக்கு நிறைவாக இல்லை. “தெய்வச் செயலாக உயிர் தப்பினார்” என்று நல்லதற்கல்லவா சொல்கிறோம்? விஸ் மாயோருக்கு நேரான சொல் ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்ற 380ஆம் குறளில் இருக்கிறது: பெருவலி. ஆனால் இன்று வலி என்றால் நோவு என்றே பெரும்பாலோர் புரிந்துகொள்வர். எனவே ஆக்ட் ஆஃப் காட் என்பதைத் ‘தடுக்கவியலா இயற்கை நேர்வு’ என்றும், மனிதரால் விளைவதையும் உள்ளடக்கும் ஃபோர்ஸ் மெஜூரைத் ‘தடுக்கவியலா நேர்வு’ என்றும் எழுதலாம்.