பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. பிறவி இதயக் கோளாறு, புற்றுநோய் எல்லாம் இதில் வரும். சிக்கல், காப்பீட்டு அட்டையை வாங்குவதிலிருந்தே தொடங்குகிறது.

எல்லாம் ரேஷன் கார்டை வைத்துத்தான். கல்யாணமாகி வருடங்கள் ஆகியும் பெண்ணின் பெயர் அப்பா வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். குழந்தை பெயர் எதிலும் இருக்காது. "கார்டுல குழந்தை பேர் இல்லையேம்மா, சேர்த்துட்டு வாங்க" என்று ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் ஒரு தாயிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மடியிலிருந்த பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. பதறுகிற பிள்ளையோடு தாலுகா ஆபீஸில் போய் எத்தனை நேரம் நிற்பது?

அதனால் பிள்ளை நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் வைக்கவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், பெயரை அப்புறம் சேர்க்கலாம். சான்றிதழ் வந்த கையோடு ரேஷன் கார்டில் சேர்க்க விண்ணப்பியுங்கள். ஆதார் மையத்தில் கைக்குழந்தைக்கு ரேகை விழாது, ஆதார் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். 5 வயதுக்குள் கைரேகையே எடுப்பதில்லை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியுங்கள். வி.ஏ.ஓ. மீட்டிங் போயிருப்பார், மறுநாள் சர்வர் வேலை செய்யாது. இதற்கெல்லாம் நோயாளிப் பிள்ளை காத்திருக்க முடியாது.

தனியார் மருத்துவமனையில் திட்டத்தின் போர்டு இருக்கிறது என்று நம்பிப் படுக்க வைக்காதீர்கள். "இந்தப் பிள்ளைக்கு, இந்த ஆபரேஷன், இங்கே திட்டத்தில் உண்டா?" என்று முதலிலேயே கேளுங்கள். எல்லா மருத்துவமனையும் எல்லாச் சிகிச்சைக்கும் பதிவு பெற்றதல்ல. திட்டத்திலிருந்து சிகிச்சைக்கு ஒப்புதல் வருவதற்குள் அட்வான்ஸ் கேட்டால் கட்டாதீர்கள். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அங்கிருந்தபடியே திட்டத்தின் இலவச உதவி எண் 1800 425 3993-க்குக் கூப்பிடுங்கள்.

அங்கன்வாடிக்கு வரும் டாக்டர் குழு ஏதாவது சீட்டு எழுதிக் கொடுத்தால் பத்திரமாக வையுங்கள். பிள்ளை ஓடி விளையாடுகிறதே என்று அந்தச் சீட்டைத் தொலைத்தவர்கள் நிறைய. அதைக் காட்டித்தான் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் (பிள்ளைகளின் பிறவிக் குறைகளையும் வளர்ச்சிக் குறைகளையும் பார்க்கும் அரசு மையம்) அடுத்த சிகிச்சைக்கு வழி பிறக்கும்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற இந்தக் காப்பீட்டு அட்டை கட்டாயமில்லை. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அங்கே மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம். மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னால் ஆர்.எம்.ஓ.வை, அதாவது அந்த மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள்.

பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, வலிப்பு வருகிறது என்றால் முதலில் 108. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, சம்பிரதாயமெல்லாம் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அது தனியார் மருத்துவருக்கும் பொருந்தும். கவுண்டரில் அட்டை கேட்டால், "முதல்ல பிள்ளையைப் பாருங்க, பேப்பர் கொண்டு வர ஆள் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் தூக்கிக்கொண்டு போங்கள்.